மினி பஸ்ஸை நிறுத்தப் போனவர்

போத்தனூர் ரயில்வே பாலத்தடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ரசாக் பாயை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொன்னால் அவரே நம்பமாட்டார். யார் எதைப் பேசினாலும், "அதுக்கு ரூல் என்னன்னு பார்த்தீங்களா?" என்று குறுக்கே விழுவார். கல்யாணப் பந்தியிலும் விழுந்திருக்கிறார். சவாரி இல்லாத நேரத்தில் மற்ற டிரைவர்கள் போனில் சினிமா பார்ப்பார்கள். இவர் அரசாங்க இணையதளங்களைத் துழாவிக்கொண்டிருப்பார்.

அவருடைய பிழைப்பு முழுக்கப் பாலத்திலிருந்து ஆரோக்கிய நகர் வரையிலான இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. டவுனிலிருந்து வரும் மினி பஸ் பாலத்தடியிலேயே திரும்பிவிடும். அதற்கு மேல் போக, நகர்க்காரர்கள் ஒன்று நடக்க வேண்டும், இல்லை ரசாக் பாயின் ஆட்டோவில் ஏற வேண்டும். காசில்லாதவர்கள் நடந்தார்கள்.

போன வருஷம் அந்த மினி பஸ் திரும்புவதற்கு ஆட்டோ ஸ்டாண்டுக்குள்ளேயே நுழைய ஆரம்பித்தது. ரசாக் பாய் சும்மா இருப்பாரா?

"இங்க வரைக்கும் வாரதுக்குப் பர்மிட் இருக்குதுங்களா?"

"வேணும்னா போய்ப் பார்த்துக்கங்க பாய்" என்றார் கண்டக்டர்.

அந்த அலட்சியம் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நகர் நலச் சங்கத்தின் செயலாளர் கிளாடிஸ் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார். நகருக்குள் பஸ் வேண்டும் என்று நாலு வருஷமாக மனு கொடுத்துச் சலித்துப்போனவர் அவர்.

"ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் பர்மிட் விவரத்தோட வாரனுங்க. இந்த பஸ்ஸை நம்ம ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கமே தலைகாட்டாம பண்ணிப்போடறேன்" என்றார் ரசாக் பாய்.

"ஏனுங்க பாய், இருக்கறதும் போயிருமே" என்று கிளாடிஸ் பயந்தார்.

அன்று சாயங்காலம் ரசாக் பாய் வீட்டில் உட்கார்ந்து, மினி பஸ்களின் வழித்தடங்களை அரசு போட்டிருந்த பக்கத்தைத் திறந்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த பஸ்ஸுக்கு நேரே கடைசி நிறுத்தம் என்று எழுதியிருந்தது ரயில்வே பாலம் அல்ல, ஆரோக்கிய நகர். போனை அணைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். அதேதான்.

மனைவி சாஜிதா பேகம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"நம்ம ரோடு பூராவும் அவன் பர்மிட்டுல இருக்குது" என்றார் ரசாக் பாய்.

"பேசாம இருந்துபோடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எல்லாருக்கும் தெரியறாப்பலதான் போட்டு வெச்சிருக்காங்க."

"போட்டு வெச்சா? இத்தனை வருஷமா யார் பார்த்தாங்க?"

 அன்று ராத்திரி ரசாக் பாய் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் கூட்டம். விவரம் கிடைத்ததா என்று கிளாடிஸ் கேட்டார். கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நடந்து போகிறவர்களை நினைத்து அவர் மனம் இளகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குத் தெரிந்த ரசாக் பாய்க்கு ரூலை ஒளித்துவைக்கத் தெரியாது, அவ்வளவுதான். யாரையோ திட்டுவதுபோல அதை வாசித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிளாடிஸ் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, நகர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனார். பஸ் கேட்டுக் கெஞ்சவில்லை. இருக்கிற பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அடுத்த மாதமே பஸ் நகருக்குள் வந்தது. ரசாக் பாய் ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு மாறினார். அங்கிருந்த டிரைவர்கள் அவரை வரிசையின் கடைசியில் விட்டார்கள். அந்த வயதில் புது ஆள்போல நிற்பது அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்ட நேரம், நல்ல மழை. பாலத்தடியில் டீ குடிக்க ஒதுங்கியிருந்தார். மினி பஸ் வந்து நின்றது. "ரோடு சரியில்லைங்க, எறங்கிக்கங்க" என்று கண்டக்டர் எல்லோரையும் இறக்கினார். ஒரு பஸ் சனமும் நனைந்துகொண்டே ரசாக் பாயின் ஆட்டோவை நோக்கி ஓடிவந்தது. பல மாதங்களாக அவர் பார்க்காத சவாரி. முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது, அதே பஸ்ஸில் வந்திருந்த சாஜிதா பேகம்.

ரசாக் பாய் டீயை வைத்துவிட்டு வந்து, ஆட்டோவைக் கிளப்பி, பஸ் திரும்ப முடியாதபடி குறுக்கே நிறுத்தினார்.

"கடைசி ஸ்டாப் ஆரோக்கிய நகருங்க. ரோடு நல்லாத்தான் இருக்குது, காலைல நான் போய்ட்டு வந்தேன்."

கண்டக்டர் கத்தினார், டிரைவர் ஹாரன் அடித்தார். ரசாக் பாய் நகரவில்லை. கடைசியில் டிரைவர்தான் அலுத்துப்போய், ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். சனம் திரும்பி ஏறியது. சாஜிதா பேகம் மட்டும் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எறங்கு சாஜிதா. பஸ்ஸுல போ."

அவர் முறைத்துக்கொண்டே இறங்கிப் போய் ஏறினார். ரசாக் பாய் வழியை விட்டார். பிறகு காலி ஆட்டோவை பஸ்ஸின் பின்னாலேயே கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டிப் போய், எல்லோரும் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.