இஞ்சி ரொட்டியும் ஈயச் சொம்பும்

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த மாடியில், அடுக்களைக்கு எதிரே ஒரு வராந்தா. மாதத்தில் மூன்று நாள் நான் தூரமாக உட்காரும் இடம் அதுதான். ஊரில் என்றால் சமைக்க வேறு பெண்கள் இருப்பார்கள். கல்கத்தாவில் என்னை விட்டால் என் வீட்டுக்காரர்தான். சாதம் வடிப்பார், அப்பளம் சுடுவார், மோரை ஊற்றிச் சாப்பிடுவோம். ரசம் மட்டும் அவருக்கு வைக்க வராது. ஒரு வேளை ரசம் இல்லாமல் சாப்பிட்டாலே முகம் தொங்கிவிடும்.

நான் வைக்கும் ரசத்தின் ருசியில் பாதி என் ஈயச் சொம்புக்குச் சேரும். கல்யாணத்தில் என் அம்மா கொடுத்தது. ரயிலில் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கல்கத்தாவில் தெருவுக்குத் தெரு பாத்திரக் கடை உண்டு. ஈயச் சொம்பு என்றால் கடைக்காரன் விழிப்பான். அது போனால் எனக்கு வேறு கிடையாது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர் ஆபீஸ் துரைசானி, குமாஸ்தாக்களுக்கு ஆளுக்கொரு துண்டு இஞ்சி ரொட்டி அனுப்பினாள். முட்டை போட்டது. இவர் ஆசாரமாக அதைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டார். கொடுக்குமுன் நன்றாக முகர்ந்து பார்த்திருக்கிறார் மனிதர். அந்த வாசனை அவரை விடவில்லை. பக்கத்து மேஜை வங்காளிக் கிறிஸ்தவரைக் குடைந்து, முட்டைக்குப் பதில் புளித்த தயிரும் சோடா உப்பும் போதும் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் அடுக்களையில் இருக்கும்வரை அவர் ஜம்பம் அங்கே சாயாது. ஆகவே காத்திருந்தார். நான் வராந்தாவுக்கு வந்ததுதான் தாமதம், மைதாவும் புதுப் பேரீச்ச வெல்லமும் வந்து இறங்கின. சுக்கையும் கிராம்பையும் ஊரே கேட்கும்படி இடித்தார். நான் இருந்த இடத்திலிருந்து அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"வெங்கலப் பானையிலே பண்ணுங்கோ," என்றேன்.

"அதோட வாய் அகலம். மேலே தணல் வைக்கத் தட்டு சரியா உக்காரல்லே. வேற நல்லதா ஒண்ணு எடுத்துண்டுட்டேன்."

"எதை எடுத்தேள்?"

"நீ பேசாம உக்காரு. வெந்தப்புறம் பாரு!"

கரியடுப்பை விசிறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெல்லமும் சுக்கும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், எனக்கே நாக்கில் நீர் ஊறிவிட்டது. பரவாயில்லையே, மனிதர் சாதித்துவிட்டார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏண்டீ, வெல்லம் உருகினா வெள்ளி மாதிரி ஓடுமோ?"

அவர் எடுத்தது என் சொம்பை என்று புரிந்துவிட்டது. ஈயச் சொம்பில் தண்ணீர் இருக்கும்வரை நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. வெறுமனே வைத்தால் உருகி ஓடிவிடும். அடுப்பில் அது நாள் தவறாமல் இருப்பதைப் பார்த்தவர், உள்ளே ரசம் இருப்பதை யோசிக்கவில்லை.

தூரமாவது ஒன்றாவது! ஒரே ஓட்டமாக உள்ளே போனேன். சொம்பின் அடியும் வயிறும் போய்விட்டன. தணலுக்கு நடுவே இஞ்சி ரொட்டி சொம்பு வடிவிலேயே கன்னங்கரேலென்று நின்றுகொண்டிருந்தது. மிச்சமிருந்த கழுத்து மட்டும் அதைச் சுற்றி ஒரு வளையமாகப் பளபளத்தது. அவர் கையில் இடுக்கியோடு, "உப்பித்தானே வந்திருக்கு?" என்றார்.

நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அவர் பயந்துபோய், "கையைச் சுட்டுண்டியா?" என்று கேட்டார். நான் அந்த வளையத்தைக் காட்டினேன். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் நிழல் பட்டால் குடத்துத் தண்ணீரைக் கொட்டுகிற மனிதர் அவர். அடுக்களைக்கு நடுவில் நின்ற என்னை வெளியே போ என்று சொல்லவில்லை. சமாதானம் செய்கிறவர் மாதிரி மெதுவாக வாயைத் திறந்தார்.

"வந்தது வந்துட்டே. அப்படியே ராத்திரிக்கு ஒரு ரசம் வெச்சுடேன்."

"எதுலே?" என்றேன்.