பன்னெண்டடி அறை

போடி பஜார்ப் பக்கம் வீடு கட்ட நினைக்கிறவர்கள் முதலில் தேடி வருவது அமிர்தராஜைத்தான். பிளானில் கோடு போடுவதும் அளவு குறிப்பதும் அவர். கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் தேனி இஞ்சினியர் ஞானசிகாமணி. லைசென்ஸ் அவரிடம்தானே இருந்தது! புதுவீட்டு விசேஷத்தில் தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்து, "இஞ்சினியரய்யா வாங்க" என்று ஞானசிகாமணியை அழைப்பார்கள். அமிர்தராஜ் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, ரசம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். மனுசனுக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிற இஞ்சினியர் பரீட்சையான ஏ.எம்.ஐ.இ.யில் தேறினால் லைசென்ஸ் வாங்கலாம். தன் பிளானில் தன் கையெழுத்து. அந்த ஒன்றுக்காகத்தான் காதோரம் நரைத்த பிறகு புத்தகத்தைத் தூக்கினார். பகலெல்லாம் ஊரார் வீட்டுக்குக் கோடு போட்டு ஒடிந்த முதுகோடு, விடியுமுன் எழுந்து படித்தார். ஒவ்வொரு தாளாகத் தேறிக் கடைசியில் கட்டட வரைபடம் ஒன்றுதான் பாக்கி. அதற்கென்ன, அது அவர் அன்றாடம் செய்கிற வேலைதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார். அங்கேதான் வந்தது வினை.

நம் பக்கம் அறைக்கு மனையடிக் கணக்குப் பார்ப்பது தெரிந்ததுதான். பதினோரடி நல்லது, பன்னெண்டடி ஆகாது, இருக்கிற செல்வமும் போய்விடும். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. ஒருதரம் தெரியாமல் பன்னெண்டு போட்டதற்கு ஏலக்காய் வியாபாரி செல்லப்பாண்டி, "ஏம்ப்பா, என்னய தெருவுல நிறுத்தப் பாக்குறியா?" என்று பஜாரே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டார். அதிலிருந்து பன்னெண்டைக் கண்டால் அமிர்தராஜின் கை தானாகப் பதினொன்றாக்கிவிடும்.

மதுரையில் பரீட்சை. படுக்கையறை அகலம் 3.66 மீட்டர் என்று கேள்வியில் இருந்தது. பழகின புத்தி அதை அடியாக்கியது: பன்னெண்டு. பழகின கை பதினோரடிக்குக் கோடு போட்டது! சுவர், கூரை, மொத்த நீளம் எல்லாம் அந்தத் தப்போடு சேர்ந்து நகர்ந்தன. திரும்புகிற பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதுதான் உறைத்தது. "அட பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், இவர் எதையோ தொலைத்துவிட்டார் போல என்று சீட்டுக்கடியில் தேடிப் பார்த்தார்.

அடுத்த தடவை பயம். ஒவ்வொரு அளவையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில் நேரம் போய், படம் பாதியில் நின்றது. அதற்கடுத்த தடவை தேறினார். செய்தி வந்தபோது குதிக்கவில்லை. "ஒரு காப்பி குடு" என்றார் மனைவி இருதயம்மாளிடம். அவ்வளவுதான் தெம்பு இருந்தது.

ஆனால் ஒரு வைராக்கியம் மட்டும் மிச்சமிருந்தது. முதல் கையெழுத்து சொந்த வீட்டுப் பிளானில்தான். அதில், மனையடிக் கணக்குக்குச் சவாலாக, எல்லா அறையும் பன்னெண்டடி. லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே வரைந்து முடித்து, பேனாவைத் திறந்தார்.

இருதயம்மாள் காப்பியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏங்க, பன்னெண்டா போட்டிருக்கீக?"

"நீயுமா? நெதம் சர்ச்சுல பூசைக்குப் போறவ பேசுற பேச்சா இது?"

"சாமியார் கேட்டா வையத்தான் செய்வாக. வையட்டும்." காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க ஒவ்வொரு தடவையும் மதுரையில இருந்து வந்து எறங்குன மூஞ்சிய நான்தான பாத்தேன்? பட்டது போதும்ங்க. இன்னொண்ணு எனக்குத் தாங்காது."

அமிர்தராஜுக்குக் கோபம்தான் வந்தது. வாதாட வாயும் எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவரைவிட அவள்தான் களைத்துப்போயிருந்தாள்.

ரப்பரை எடுத்தார். அழித்தார். எல்லா அறையையும் பதினோரடியாகத் திரும்ப வரைந்து, பிளானின் கீழே தன் முதல் கையெழுத்தைப் போட்டார்.