பன்னிரண்டு பேர் நின்ற மேசை

“ஒலகப் பொருளாதாரம் படிச்சிட்டு ஒலகத்துக்கு நீ இன்னா புச்சா சொல்லப் போற? இங்க மீஞ்சூர் பஸ்சு எப்ப வரும்னே ஒருத்தனுக்கும் தெர்ல.”

எனக்கு எம்.ஏ. படிப்பில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று என் பெரிய மாமா கேட்டது இது. உலகப் பொருளாதாரமும் பன்னாட்டு வணிகமும் சேர்ந்த படிப்பு. அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் பதில் சொன்னார்.

“அவ படிக்கட்டும்ணா. பஸ்சு நேரத்த நீ பாத்துக்கோ.”

மாமாவே சிரித்துவிட்டார். அம்மாவின் இந்த நினைவு மலரை அச்சிடும் பொறுப்பை ஏற்றவரும் அவர்தான். அவர் அன்று கேட்டதை எழுதலாமா என்று கேட்டேன். “எய்து, நான் கேட்டது தானே” என்றார். அதனால் அதிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்.

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அம்மாவை அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். இருந்தாலும், எங்களுக்குள் நடந்த ஒன்றை நான் யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இந்தப் பக்கங்களில் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மா எண்ணூரை அடுத்த மீனவர் குப்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. பத்து வயதிலேயே மீன் கூடையோடு அவருடைய தாயாரின் பின்னால் நடந்தார். அப்பாவை மணந்து திருவொற்றியூருக்கு வந்தார். அப்பாவுக்குக் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. படகு போகாத நாளில் அந்த வேலையும் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்தது அம்மாவின் வருமானம் மட்டும்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இருபது வருடங்களுக்கும் மேலாக அங்கேயே இருந்தார்.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துருப்பிடிக்காத இரும்பு மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் நின்றுகொண்டு வேலை செய்வார்கள். ஐஸில் கிடக்கும் இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுக்க வேண்டும். தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, காலுக்கு ரப்பர் பூட்ஸ். வளையல், பூ, மருதாணி, நகப்பூச்சு எதுவும் கூடாது. ஒட்டுப்பொட்டும் கூடாது. உள்ளே போகும்முன் ஒவ்வொருவரும் தம் பொட்டை எடுத்து, உடை மாற்றும் அறையின் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வேலை முடிந்ததும் அவரவர் பொட்டை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். ஒருநாள் நான் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டேன். “இடம் தெரியும்ல” என்றார் அம்மா.

நான் எம்.ஏ. சேர்ந்து ஏழாவது மாதத்தில் அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. இறால் பாக்கெட் ஒன்றில் சிறிய அரக்கு நிறப் பொட்டு இருந்திருக்கிறது. வாங்கியவர்கள் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். இரும்புத் துண்டு என்றால் சோதனை இயந்திரம் கத்தியிருக்கும். ஒட்டுப்பொட்டுக்கு அது கத்தாது.

அன்று மாலை அம்மா வந்து பையைக் கூட இறக்கி வைக்காமல் சொன்னார்.

“சூப்பர்வைசரு போட்டோ காட்னாரு. அது என்து.”

அப்போது நான் வகுப்பில் படித்துக்கொண்டிருந்ததும் இதே விஷயம்தான். பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும். சரக்கு எந்த நாளில், எந்த மேசையில் உரிக்கப்பட்டது என்று அதை வைத்து உலகின் எந்த மூலையிலிருந்தும் கண்டுபிடித்துவிடலாம். எந்தக் கை உரித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அம்மாவுக்கு அதைப் பொறுமையாக விளக்கினேன். விளக்கியது அவரை வாயைத் திறக்காமல் இருக்கச் செய்வதற்காக.

“மேசை வரைக்கும் தான்மா தெரியும். அரக்குப் பொட்டு ஊர்ல எத்தினி பேரு வெக்கிறாங்க. நீ சும்மா இரு.”

“சும்மா இர்ந்தா மேசையோட நிறுத்திருவாங்களாம். பன்னெண்டு பேத்தையும்.”

“ஒத்துக்கினா உன்ன நிறுத்துவாங்க. அப்புறம் என் படிப்பு?”

 அம்மா பையை இறக்கி வைத்தார், கை கழுவினார், அடுப்பைப் பற்றவைத்தார். அதன் பிறகுதான் பேசினார்.

“ஒரு வர்சம் கய்ச்சிப் படி. படிப்பு எங்கியும் ஓடாது. அவளுங்க வேல போச்சின்னா திரும்பி வராது. எங்க மேசை மேரிக்கு மூணு பொண்ணு கீது.”

“நான் உனுக்குப் பொண்ணு இல்லியா?”

“நீ இருக்கிறதாலதான் சொல்றேன். உனுக்குப் படிப்பு கீது.”

அப்பா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அவ முடிவு பண்ணிட்டாம்மா, வுடு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். அன்று மதியமே வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். மற்ற பதினோரு பேரும் அதே மேசையில் தொடர்ந்தார்கள்.

நான் கல்லூரியிலிருந்து இடைநின்றேன். மாத்தூரில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணங்களைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. எந்தப் பெட்டி, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று நாள் முழுவதும் அடிப்பேன். அம்மா காசிமேட்டில் உள்ளூர் வியாபாரிகளுக்கு இறால் உரிக்கப் போனார். அங்கே தொப்பியும் இல்லை, முகமூடியும் இல்லை, நிழலும் இல்லை. தரையில் குந்திக்கொண்டு உரிக்க வேண்டும்.

இரண்டு மாதங்கள் நான் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். அம்மா அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையை வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பார். நான் வாங்கிக்கொண்டு போவேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அம்மாவைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் நான் எழுதியதில் பாதி பொய்யாகிவிடும்.

மறு வருடம் கல்லூரி திறக்கும் நேரத்தில், நான் கேட்காமலே அம்மா என் பழைய பேராசிரியரைப் போய்ப் பார்த்திருக்கிறார். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை என்பதால் வெளியே வெயிலில் நின்று, அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது பிடித்திருக்கிறார். மறுசேர்க்கை விண்ணப்பத்தை வாங்கி வந்து என்னிடம் நீட்டினார்.

“வர்சம் முடிஞ்சிச்சி. இத ரொப்பு.”

ரொப்பினேன். விட்ட இடத்திலிருந்து படித்தேன். என் இறுதித் தேர்வுக்கு முன்பே அம்மாவுக்கு மூச்சுத்திணறல் தொடங்கியிருந்தது. தேர்வு முடிகிறவரை யாரும் என்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் உத்தரவு போட்டிருந்தார். முடிவு வந்தபோது அரசு மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். முதல் வகுப்பு என்று சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளிடம், “என் பொண்ணு எம்மே” என்றார். அடுத்து வந்த நர்ஸிடமும் சொன்னார். சரியாகப் பதினெட்டாவது நாள் காலமானார்.

காரியத்துக்கு அந்த மேசையில் நின்ற பதினோரு பேரும் வந்திருந்தார்கள். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போது மேரி அக்கா என்னிடம் கேட்டார்.

“அன்னிக்கு பொட்ட ஏன் எடுக்காம போனான்னு உனுக்குச் சொன்னாளா?”

“மறந்துட்டேன்னு சொன்னாங்கக்கா.”

“மறக்கல. உனுக்குக் காலேஜில எடம் கெடச்ச மறுநா அது. உடுப்பு மாத்துற ரூம்ல எங்க பதினோரு பேருக்கும் உன் கதையச் சொல்லிக்கினே கீறா. மணி அடிச்சது தெர்ல. அப்டியே தொப்பிய மாட்டிக்கினு ஓட்னா. சாயங்காலம் சொவுத்துல பாத்தா அவ பொட்டு இல்ல. நாந்தான் என்து ஒன்னு எடுத்து வெச்சி அனுப்புனேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“உன் படிப்பு மேல பழி வந்துரும்னு நெனச்சிருப்பா. எங்களயும் சொல்லக்கூடாதுன்ட்டா.”

நான் பாத்திரத்தைக் கழுவி முடித்தேன். 

அம்மாவின் குணங்கள் என்று கேட்டால் உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். கோபம் சீக்கிரம் வரும், மாமாவோடு ஓயாமல் வம்பு வளர்ப்பார், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாக வெங்காயம் உரிக்க உட்காருவார். எல்லாம் உண்மை. எனக்குத் தெரிந்த அம்மா, தன் பெயர் எந்த எண்ணிலும் பதிவாகாத ஓரிடத்தில் தானாகப் போய்த் தன் பெயரைச் சொன்னவர்.

மருத்துவமனையில் இரவு பகலாக உடனிருந்த சித்திக்கும், ரத்தம் கொடுத்த அப்பாவின் படகுத் தோழர்களுக்கும், வெயிலில் நின்ற ஒரு பெண்ணுக்காக வண்டியை நிறுத்திப் பேசிய என் பேராசிரியருக்கும், காரியத்தை முன்நின்று நடத்திய மாமாவுக்கும், ஷிப்டை மாற்றி வந்த பதினோரு அக்காமார்களுக்கும் அப்பாவும் நானும் நன்றி சொல்கிறோம்.

சென்ற மாதம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். ஏற்றுமதிச் சரக்கின்மீது புகார் வந்தால் அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதுதான் தலைப்பு. கப்பல், காப்பீடு, வாங்குபவர், விற்பவர் பற்றியெல்லாம் நூலகத்தில் நிறைய இருக்கிறது. உரிப்பவர்களைப் பற்றித்தான் தேட வேண்டியிருந்தது. முதல் நேர்காணலை வியாழக்கிழமை மேரி அக்காவிடம் எடுத்தேன்.

“தெரிஞ்சதயே ஏன்மா கேக்கிற?” என்றார்.

“நீங்க சொன்னாதான்க்கா எழுத முடியும்.”

இரண்டு மணி நேரம் சொன்னார். பதினாறு பக்கம் எழுதியிருக்கிறேன். மீதிப் பத்துப் பேரில் ஆறு பேர் நாள் சொல்லிவிட்டார்கள். நாளை காலை எண்ணூரில் இரண்டாமவரைப் பார்க்கப் போகிறேன்.