மாமியாரின் தட்டச்சுக்காரி

கல்யாணமாகிக் கரமனைக்கு வந்த முதல் வருஷம் எனக்குப் பேச ஆளில்லை. அக்கிரகாரத் தெருவில் எல்லா வீட்டிலும் தமிழ்தான். ஆனால் அது நான் பேசி வளர்ந்த தஞ்சாவூர்த் தமிழ் இல்லை. வாக்கியம் தமிழில் புறப்பட்டு மலையாளத்தில் போய் இறங்கும். கணவர் காலையில் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதிகம் பேசாதவர். இரண்டு பேரும் அடுக்களையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று காய் நறுக்குவோம்; உப்பு, புளி என்பதற்கு மேல் பேச்சு நகராது.

கடைத்தெருவில் ஒரு இன்டர்நெட் கஃபே இருந்தது. ஒட்டுப்பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். வெளிநாட்டில் இருந்த என் தம்பிக்கு மெயில் அனுப்பத்தான் முதலில் போனேன். அவன்தான் அந்தத் தளத்தைச் சொன்னான். அப்போது எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஊர்ப்பேரில், தெருப்பேரில் எல்லாம் குழுக்கள். கரமனைக்கும் ஒன்று இருந்தது. இங்கே பிறந்து எங்கெங்கோ போய்விட்டவர்கள் அதில் உட்கார்ந்து, ஆற்றில் குளித்ததையும் கோவில் பாயசத்தையும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் குழுவில் ஒரு நாள் ஒரு பெண் கேட்டிருந்தாள்: கரமனைப் பக்கம் நல்ல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறதா? ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். படத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. யாரும் பதில் சொல்லாததால் நான் சொன்னேன். அவள் நன்றி எழுதினாள். நான் திரும்ப எழுதினேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் அங்கேயே தொழிலாளிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து விதுரைக்கு இறங்கி வந்து கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தாள். வகுப்பு முடிந்ததும் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து எனக்கு எழுதுவாள். மலையில் வேலை குறைந்துகொண்டே வந்த காலம். நகரத்துக்கு வந்து படிக்கும் ஆசை ஹாஸ்டல் விசாரித்ததோடு நின்றுபோனது. ஆனால் எங்கள் எழுத்து நிற்கவில்லை. அவளிடம் நான் எழுதியதில் பாதியைக்கூட அந்த வீட்டில் யாரிடமும் பேசியதில்லை.

ஒரு நாள் அவள், "கல்லாறு வரை வாங்களேன் அக்கா, நான் இறங்கி வருகிறேன்" என்று எழுதினாள். கணவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா வந்துவிட்டார்.

"அதென்ன கம்ப்யூட்டர்லே கூட்டுகாரி? ஆரு எவன்னு தெரியாம கல்லாறு வரைக்கும் போறதா? அது செரியாகாது."

"பொண்ணுதாம்மா. எஸ்டேட்லே இருக்கா."

"நீ கண்டியா? பின்னெ, நானும் வரேன்."

கணவர் சிரித்துக்கொண்டே பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நெடுமங்காடு, விதுரை என்று பஸ் வளைந்து வளைந்து ஏறியது. வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் புளியஞ்சாதப் பாத்திரம், தண்ணீர்ப் பாட்டில். வெளியில் எதையும் வாயில் வைக்காதவர். கல்லாற்றில் இறங்கியதும் கடை வாசலில் நின்றிருந்த ஒரு ஒல்லிப் பெண் ஓடி வந்தாள். கையில் பிளாஸ்க்.

"அக்காதானே? இவங்க அம்மாவா? வாங்கம்மா, வழியெல்லாம் சங்கடப்பட்டீங்களோ? எங்க தோட்டத்துத் தேயிலைம்மா, உங்களுக்குன்னு போட்டுக் கொண்டாந்தேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் பேச்சு எங்க ஊர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரின்னா இருக்கு. எந்த ஊரு நீ?"

"நான் பொறந்தது மலையிலதாம்மா. அப்பாவுக்குப் பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம்."

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் பிறந்ததும் அம்பாசமுத்திரம்தான். ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்தோம். பிளாஸ்க் மூடியில் அவள் ஊற்றிக்கொடுத்த டீயை அம்மா வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றார். பிறகு பேச ஆரம்பித்தார். இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது மலையாளம் தெரியாமல் பால்காரரிடம் விரலைக் காட்டிக் கணக்குச் சொன்னதை, தெருவில் மற்ற பெண்கள் இவர் பேச்சைக் கேட்டுச் சிரித்ததை, கொல்லைக் கிணற்றடியில் போய் நின்று அழுததை. எல்லாவற்றையும் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டில் எனக்கு முன்னால் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கஃபேக்குக் கிளம்பியபோது அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "அந்தக் குட்டிக்கு ரெண்டு வார்த்தை எழுதணும். நான் சொல்றேன், நீ தட்டு."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் வழக்கம். கஃபேக்காரர் அம்மாவுக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்றை எடுத்துப் போடுவார். "மாமீ, இன்னு ஸ்பீடு கொறவா கேட்டோ" என்பார். "சாரமில்லை, நாங்க மெள்ளத்தான் போவோம்" என்பார் அம்மா. அந்தப் பலகைத் தடுப்புக்குள் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவோம். அம்மா மானிட்டரைப் பார்த்து, அந்தப் பெண் எதிரில் இருப்பதுபோலவே உரக்கப் பேசுவார். பக்கத்து அறைகளில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவேன். ஒரு முறை, "பல் வலி குறைஞ்சுதா?" என்று கேட்கச் சொன்னார். அவசரத்தில் ஏதோ எழுத்து மாறிவிட்டது. அடுத்த வாரம் பதில் வந்தது: "பால் விலை எங்கேம்மா குறையும்? இங்கே பாலே வருவதில்லை." அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. கோவிலில் ஒரு நாள் எதிர்வீட்டு மாமி, "கல்லாற்றுக்குப் போய் எஸ்டேட் டீ குடிச்சேளாமே?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெளிநாட்டில் இருக்கும் அவர் பையன் படித்துவிட்டுத் தன் தாயாருக்குப் போனில் சொல்லியிருக்கிறான். தெருப்பேச்சு கடல் தாண்டிப் போய்த் தெருவுக்கே திரும்பி வந்திருந்தது. அம்மா கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "ஆமாம், குடிச்சேன். நல்ல டீ" என்று சொல்லிவிட்டுப் பிரகாரம் சுற்றப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும், "இனி பல்வலியெல்லாம் எழுதாதே" என்றார்.

பிறகு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. எழுத்து மெல்லக் குறைந்தது. தளத்தை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது எங்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வந்திருந்தது; கஃபே இருந்த இடத்தில் செருப்புக் கடை. கடைசியாக ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன். அம்மா சொல்லி நான் தட்டிய வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன. எடுத்து வைத்துக்கொள்ள வழி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் எல்லாரும் வேறொரு தளத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே எழுத்தைவிடப் படம் அதிகம். அவள் பெயரில் ஏராளமான பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே போய், மடியில் குழந்தையோடு சிரிக்கும் அவளைக் கண்டுபிடித்தபோது நான் கத்தியதில் அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார்.

பிறகு போனில் குரூப் வந்தது. அவளே எங்கள் மூன்று பேருக்கும் ஒன்று ஆரம்பித்தாள். என் கணவர் வாங்கிக்கொடுத்த போனில் குரலைப் பதிந்து அனுப்ப அம்மா ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு தட்டச்சு செய்ய நான் வேண்டியிருக்கவில்லை. அம்மா தன் அறையிலிருந்து அவளோடு பேசுவார். அடுக்களையில் என் போனும் கூடவே சிணுங்கும். அவளுக்கு அவர் என்ன சொன்னார் என்று நான் போனில் கேட்டுத் தெரிந்துகொள்வேன். எல்லாம் சுலபமாகிவிட்டது. எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வந்தால் எங்கோ கிளம்ப வேண்டும்போலக் கால்கள் பரபரக்கும்.

நாளடைவில் பேச்சும் குறைந்தது. தினமும் காலையில் அவளிடமிருந்து ஒரு பூப்படம் வரும், குட்மார்னிங் என்ற எழுத்தோடு. அம்மா கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்புவார். நான் ஒரு பூ போடுவேன். அவள் சுகமாக இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அதுதான் தினமும் பார்க்கிறோமே.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். விதுரை பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில், பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. அன்று காலையிலும் பூ வந்திருந்தது.

"நீயா? எப்போ வந்தே? சொல்லவே இல்லையே!"

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "வந்து கொஞ்ச நாளாச்சுக்கா. பாப்பாவுக்கு முழுப்பரீட்சை முடிஞ்சதும் வந்துட்டோம். விதுரையில வீடு எடுத்திருக்கேன்."

"அவர்?"

"அவரு வரல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தவர், நான் விவரம் சொல்லச் சொல்ல மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலம்பற அனுப்பினியே பூ, அது விதுரையிலேந்தா?"

"ஆமாம்மா."

"இத்தனை நாளும்?"

"ஆமாம்மா."

"ஒண்ணரை மணி நேரத்து வழியிலே இருந்துண்டு ஏன் சொல்லலை?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு அங்க வேற குடும்பம் ஆயிருச்சும்மா. அத எப்படிச் சொல்றது? பூவ நிறுத்துனா என்னாச்சுன்னு கேப்பீங்க. கேட்டா அழுதுருவேன். அதான் நிறுத்தாமப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

அம்மா குழந்தையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு, "குழந்தை சாப்ட்டாளா?" என்று கேட்டார். இல்லை என்றதும் என்னைப் பார்த்தார். நான் இலை போட்டேன். சாப்பிடும்போதுதான் அவள் அழுதாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "ரசம் விட்டுக்கோ, ரசம் விட்டுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விதுரைக்குப் போனோம். முழங்கால் வலியோடு பஸ்ஸில் வேண்டாம், கார் பிடிக்கலாம் என்று கணவர் சொன்னதை அம்மா கேட்கவில்லை. ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த பள்ளிக்கூட யூனிபார்ம்கள். அக்கம்பக்கத்தில் தையல் வேலை கிடைக்கத் தொடங்கியிருந்தது. மகள் அதற்குள் மலையாளத்தில் பேசப் பழகியிருந்தாள். அம்மா அவளிடம் விடாமல் தமிழில் கதை கேட்டார். சாயங்காலம் கிளம்பும்போது அந்த மகள் எல்லாரையும் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள்.

"அம்மே, இது இடட்டே?" என்று, படத்தை எல்லாரும் பார்க்கும்படி தளத்தில் போடத் தன் அம்மாவிடம் அனுமதி கேட்டாள்.

அவள் தயங்கினாள். திருப்பூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்ப்பார்கள். எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"போடு பாப்பா. விதுரைன்னும் எழுது" என்றாள் அவள்.

படத்தோடு எங்கள் பெயரையும் பாப்பா சேர்த்துப் போட்டிருந்ததால், திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே வந்தது. யார் யாரோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். நெடுமங்காடு தாண்டியும் நிற்கவில்லை. எடுத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். அம்மா என் தோளில் சாய்ந்து நல்ல தூக்கத்தில் இருந்தார். பையை எடுத்தால் விழித்துவிடுவார் என்று அப்படியே விட்டுவிட்டேன்.