ஓட்டையைக் காப்பாற்றியவள்

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, விடிந்ததும் கோட்டைமேட்டில் ஒரு கறிக்கடைக்குப் போவேன். கடைக்காரர் அப்போதுதான் அறுத்த ஆட்டின் ஈரலையும் மூளையையும் என் ஐஸ் பெட்டியில் வைத்துத் தருவார். "ஏனுங்க, இன்னைக்காவது அந்த செல்லு பொழைக்குமுங்களா?" என்பார்.

செல்கள் பிழைக்கத்தான் செய்தன. சிக்கல் வேறு. ரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் உடம்பு முழுக்க ஒரே மாதிரி இல்லை. மூளையில் அவை இடைவெளியே விடாமல் நெருங்கி நின்று, கண்டதையும் உள்ளே விடாமல் காவல் காக்கின்றன. ஈரலிலோ அவற்றில் நுண்ணிய ஓட்டைகள். ரத்தம் கொண்டுவரும் சத்து அவற்றின் வழியே ஈரலுக்குள் இறங்குகிறது. ஆனால் அந்தச் செல்களை ஈரலிலிருந்து பிரித்து ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்தால் அந்த ஓட்டைகள் மூடிக்கொண்டன.

என் வழிகாட்டியான பேராசிரியை பொறுமை இழந்துவிட்டார். "விட்டுப்போடுங்க அம்மணி. எல்லாரும் தொப்புள்கொடி ரத்தக் குழாய் செல்லுலதான் பண்றாங்க. நீங்களும் அதையே எடுத்துக்கங்க."

"ஒரே ஒரு தடவ பாத்துக்கறனுங்க மேடம்."

அந்தச் செல்கள் தனியாக இருப்பதால்தான் மாறுகின்றன என்று எனக்குத் தோன்றியது. அதனால் ஈரலின் மற்ற செல்களையும் அதே கிண்ணத்தில் சேர்த்து வளர்த்தேன். பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தபோது, திரையில் சல்லடை போட்டதுபோல் ஓட்டைகள். ஒன்றுகூட மூடவில்லையோ என்று தோன்றும் அளவுக்கு அத்தனை. மேடம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "சாதிச்சுப்போட்டீங்க அம்மணி!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று மாலை சூலூரில் எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். தறி ஓட்டும் அப்பா அவர்களிடம் சத்தமாகச் சொன்னார்: "எம்பட புள்ள ஈரல்ல இருக்கற ஓட்டையக் காப்பாத்திப்போட்டா!"

"ஓட்டைய அடைக்கறதுதானுங்க வைத்தியம்?" என்றார் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நீயே சொல்லு கண்ணு" என்று தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.