நாற்காலியைத் தூக்கி வைக்கிறவன்

தன் இடது முழங்கையின் மடிப்பில் ஒன்பதாவது முறையாக முத்தம் கொடுத்துவிட்டு, "இதுவும் ஆகலக்கா. பஸ்ஸ பிடிக்கிற அவசரத்துல கொடுத்த மாதிரி இருக்கு," என்றான். உதட்டைத் துடைத்துக்கொண்டு, மைக்குக்கு முன்னால் மறுபடியும் கையை மடக்கினான். நான் பத்தாவது முறையாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன்.

சினிமாவில் முத்தமிடுகிறவர்கள் சத்தமே இல்லாமல்தான் முத்தமிடுகிறார்கள். அந்தச் சத்தம் பிற்பாடு இவன் கையிலிருந்து வருகிறது. நெற்றிக்குப் புறங்கை, கன்னத்துக்கு உள்ளங்கையின் ஓரம், காதலுக்கு முழங்கை மடிப்பு. யாராவது நடந்தால், கதவு திறந்தால், எலும்பு முறிந்தால் அதுவும் இவன்தான். எலும்புக்குக் கேரட். அலமாரியில் முப்பத்தெட்டு ஜோடி செருப்பும் ஷூவும் அடுக்கி வைத்திருக்கிறான். எட்டு ஜோடி குதிகால் உயர்ந்தவை. மீசையோடு அவற்றை மாட்டிக்கொண்டு அவன் மணப்பெண்ணாக நடந்தால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவருக்கு மணப்பெண்தான்.

நாங்கள் அவனைப் 'பூனை' என்று கூப்பிடுவோம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. மொடமொடக்கிற சட்டை போட மாட்டான், சரசரக்குமாம். பையில் சாவிகூட வைத்துக்கொள்ள மாட்டான். மத்தியானம் அரை வயிறுதான். "மைக்குக்கு என் வயித்தோட பேச்சு எதுக்குக்கா?" என்பான். நாற்காலியை ஒருநாளும் இழுத்ததில்லை. இரண்டு கையாலும் தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுத்தான் எழுவான், உட்காருவான். ஸ்டுடியோவில் மட்டுமல்ல, ஓட்டலிலும், ஆஸ்பத்திரியிலும், எங்கள் வீட்டுக்கு வந்தாலும்.

எங்களுடையது ஒரே அறை ஸ்டுடியோ. கண்ணாடித் தடுப்பெல்லாம் காசுள்ளவர்களுக்கு. மூலையில் ஒரு கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் மிஷினோடு நான் உட்கார்ந்திருப்பேன். நான் வாயாடி, என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். அப்படிப்பட்டவள் பதினொரு வருஷமாக இவன் எதிரே மூச்சையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால், இவன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டும்.

அவனுக்குக் காதுதான் கண். காலையில் நான் படியேறி வரும்போதே, "வீட்ல சண்டையாக்கா? குதிகால்ல நடக்கிறீங்க," என்பான். கட்டடக்காரர் ஒருநாள் வாடகை விஷயமாக வந்துவிட்டுப் போனதும், "அவருக்கு வலது முட்டி போயிடுச்சு. யாராவது சொல்லுங்க," என்றான். ஒரே மாதத்தில் அவரை ஆப்பரேஷன் மேஜையில் படுக்க வைத்தார்கள்.

இவனுக்கு வயது நாற்பத்திரண்டு. ஒண்டிக்கட்டை. நான் சும்மா இருப்பேனா? என் நாத்தனார் மகளில் ஆரம்பித்து ஏழு பெண்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "நடை ஒத்து வராதுக்கா." இந்தப் பைத்தியக்காரி அதை நம்பினேன்! ஏழாவது பெண்ணை ஏதோ சாக்குச் சொல்லி ஸ்டுடியோவுக்கே வரவழைத்து, வராந்தாவில் இரண்டு தடவை நடக்கவும் விட்டேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான். "அருமையான நடைக்கா. யாருக்கோ கொடுத்து வச்சிருக்கு," என்றான்.

போன மாதம் எங்களிடம் ஒரு படம் வந்தது. ஒரு ஆணுக்கு இன்னொரு ஆண் துணை தேடும் கதை, அதுவும் சிரிப்புப் படம். பொய் சொல்வானேன், முதலில் முகத்தைச் சுளித்தேன். "என்ன கண்றாவி தம்பி இது," என்றுகூடச் சொன்னேன். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான், போட்டுக்கொண்டேயிருந்தான்.

ஆனால் பத்தாவது நிமிடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கதாநாயகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவனைப் பார்க்கக் காபிக் கடைக்குப் போகிறான். ஒருத்தன் அம்மாவோடு வருகிறான். அம்மா கேள்வி கேட்க, மகன் குறித்துக்கொள்கிறான். இன்னொருத்தன் பழைய காதலனை நினைத்து ஓவென்று அழுகிறான்; நம் ஆள் கைக்குட்டை கொடுத்து, அந்தப் பழையவனுக்கே போன் போட்டு இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறான். ஒருத்தன் கதவு வரைக்கும் வந்து, கண்ணாடி வழியாக இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விடுகிறான். வந்தவனைப் படத்தில் காட்டவே இல்லை. கதாநாயகன் முகம் மட்டும்தான். தயாராக வைத்திருந்த புன்னகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் முழிப்பான் பாருங்கள், எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூனையும் சிரித்தான்.

"ஷூ சத்தம் வரணும், கதவுகிட்ட நிக்கணும், போயிடணும். மத்தது உங்க இஷ்டம்," என்று டைரக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பூனை தோல் ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தான். திரையை அவன் பார்க்கவே இல்லை. பதினோரு அடி, துள்ளலாக. நின்றான். அரை அடி முன்னால் வைத்தான். ஷூவின் அடிப்பாகம் தரையில் ஒருமுறை நீளமாகத் தேய்ந்தது. பிறகு நான்கு அடி பைய. அதன்பின் வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக.

"எப்படி தம்பி? கண்ணால பாத்த மாதிரி இருக்கே!" என்றேன்.

"பாக்கலக்கா, கேட்டேன்." ஷூவின் நாடாவை இறுக்கிக்கொண்டே சொன்னான். "ரெண்டு மாசத்துக்கு முந்தி, ஒரு சனிக்கிழமை, காபிக் கடையில கண்ண மூடிட்டு ஒக்காந்திருந்தேன். அந்தாளு என்னைப் பாக்கத்தான் வந்தாரு. ரெடியாக்கா? போகலாமா?"

என் விரல் தானாகப் பட்டனை அழுத்திவிட்டது. அவன் நடந்தான். ஆறு, ஏழு, எட்டு. அவன் சொன்னது ஒன்பதாவது அடியில்தான் எனக்கு உறைத்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலி கிறீச்சென்று கத்தியது.

"அக்கா, உங்க நாற்காலி," என்றான். "பரவால்ல, இன்னொரு தடவை போறேன்."

இரண்டாவது தடவை என் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை என் வளையல். நான்காவதுதான் தேறியது. அந்த மனுஷன் அவனை ஒருமுறைதான் விட்டுவிட்டுப் போனான். என்னால் இன்னும் மூன்று முறை போனான்.

மிஷினை நிறுத்தினேன். அதிர்ச்சி போய்க் கோபம் வந்தது. "பதினொரு வருஷமாடா? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலியே!"

"பொண்ணு எப்படி வேணும்னு கேட்டீங்க, பதில் சொன்னேன். வேற எதுவும் நீங்க கேக்கலியே."

"அந்த சீனுக்கு நான் கெக்கெக்கேன்னு சிரிச்சேனேடா!"

"நானும்தான் சிரிச்சேன். நமக்கு நடந்ததுன்னா சிரிப்பு வராதா என்ன? வலிச்சுது, சிரிப்பும் வந்துச்சு." பிறகு ஷூவைக் கழற்றி அதன் இடத்தில் வைத்துவிட்டு, "கண்றாவின்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் சிரிப்பு வரல," என்றான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "தப்புடா. நான் பேசினது தப்பு," என்றேன். அவன் தலையை ஆட்டினான். அன்றைக்கு மிச்ச வேலை ஓடவில்லை. அவன் பேசினான், நான் கேட்டேன். உலகம் தலைகீழாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவனுக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. எங்கே காத்திருந்தாலும் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறான், பார்க்கத் தைரியமில்லை. ஏதாவது காலடி கதவருகே வந்து நின்றால் போதும், நாற்காலியைத் தூக்கி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறிவிடுகிறான். "ரெண்டு பேரை அப்படியே விட்டுட்டேன்க்கா. உள்ள வந்தாங்களா, போயிட்டாங்களான்னுகூட எனக்குத் தெரியாது."

இப்போது ஒரு லிஃப்ட் மெக்கானிக். மூன்று வாரமாகப் போனில் பேச்சு. நல்ல மனுஷன், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும்வரை வெளியிலிருந்து கதை சொல்லிக்கொண்டே இருப்பாராம். வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு நேரில் பார்ப்பதாகப் பேச்சு. "இவரையும் விட்டுட்டா அப்புறம் தேட மாட்டேன்க்கா. தெம்பில்ல. அதனால காதுல பஞ்சு வச்சுக்கப் போறேன். நீங்க வந்து கதவப் பாருங்க. அவர் உள்ள வந்தா தண்ணி எடுத்துக் குடிங்க."

"போயிட்டாருன்னா?"

"எந்திரிச்சு வந்து என் எதிர்ல ஒக்காருங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். இந்தப் பூனை காதை அடைத்துக்கொண்டது. சனிக்கிழமை, காபிக் கடையில் எனக்கு இரண்டு மேஜை முன்னால், என்னைப் பார்த்தபடி, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு காதிலும் வெள்ளைப் பஞ்சு. காபி ஆறி ஆடை படிந்திருந்தது.

ஐந்து ஏழுக்கு நீல வேலைச் சட்டையில், தோளில் கருவிப் பையோடு ஒருவர் வேகமாக வந்தார். துள்ளலாகத்தான் வந்தார். கதவுக்கு வெளியே நின்றார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அரை அடி முன்னால் வைத்தார். அப்படியே திரும்பினார்.

பாவி, இவனுமா? என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன். நான் எழுந்ததைப் பூனை பார்த்துவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். முகத்தில் ஒரு பொட்டு ரத்தமில்லை.

திரும்பிப் போனவர் நான்கு அடி தள்ளி, படியின் விளிம்பில் ஷூவின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ். இடது கால், வலது கால், மறுபடியும் இடது. ஒரு காகிதத்தால் துடைத்து, அதை மடித்துப் பையில் போட்டார். பிறகு கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

நான் தொப்பென்று உட்கார்ந்து தண்ணீரை மடமடவென்று குடித்தேன். பாதி புடவையில் ஊற்றிக்கொண்டேன். யார் பார்த்தது? அவன்தான் கண்ணையும் மூடிவிட்டானே!

அந்த மனிதர் மேஜைக்கு அருகே நின்று ஏதோ சொன்னார். மறுபடியும் சொன்னார். காதிலிருந்த பஞ்சைக் கவனித்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நகக்கண்ணில் கறுப்பு படிந்த இரண்டு விரலால், லிஃப்ட் கதவைத் தட்டுவது போல மேஜையைத் தட்டினார்.

அதிர்வு கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூனை கண்ணைத் திறந்தான். எதிரே இருந்தது நானில்லை; ஒரு நீலச் சட்டை. ஒரு காதிலிருந்து மட்டும் பஞ்சை எடுத்தான். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே, கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, நாற்காலியைக் கிறீச்சென்று பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.