வெள்ளிக்கிழமை அடித்த மணி

தோகாவில் எனக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் லீவு, அன்றைக்குத்தான் ஆராதனை. எங்கள் சர்ச்சுக்கு வெளியே சிலுவை இல்லை, மணியும் இல்லை. வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போவோம். மூன்று வருஷத்தில் பழகிவிட்டது.

அப்பா இறந்த அன்று, நான் வேலை செய்கிற வீட்டு மேடத்திடம் "பாபா ஃபினிஷ்" என்றேன். வீட்டுக்காரரையும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைத்து, மேடம் தட்டை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கழுவிவிட்டுத்தான் அழுதேன். விஷயம் புரிந்ததும் மேடமும் என்னோடு தரையில் உட்கார்ந்து அழுதார். அதை மறக்க மாட்டேன். ஆனால் லீவு கிடைக்க ஏழு மாதம் ஆனது. அப்பாவின் அடக்கத்தில் நான் இல்லை.

ஊரிலிருந்து திரும்புவதற்கு முந்தின நாள், எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வெள்ளைக்காரர்கள் கட்டின அந்தக் கல் சர்ச்சுக்குப் போனேன். சுரங்கம் மூடின பிறகும் ஞாயிறுதோறும் அங்கே மணியடித்தது எங்கள் அப்பாதான். அவருக்காக ஒரே ஒரு ஆராதனையில் உட்கார வேண்டும் என்று வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு போனால், கதவில் பூட்டு.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா சிரித்துவிட்டார். "இன்னா புள்ள, வெள்ளிக்கிழமைல வந்து நிக்கிற? துபாய்ல ஆண்டவருக்கே கிழமைய மாத்திட்டாங்களா?"

"தோகாக்கா."

"எதுவோ ஒண்ணு. வா, தொறக்கறேன்."

சுவரில் செத்துப்போன துரைமார்களின் பெயர்கள் பித்தளைத் தகட்டில் மின்னின. அப்பாவின் கை பட்டுக் கறுத்த கயிறு ஓரமாகத் தொங்கியது. பிடித்துக்கொண்டேன்.

"ஒரு தடவ அடிக்கட்டாக்கா?"

"ஐயோ, ஞாயித்துக்கெழம இல்லாத நாள்ல அடிச்சா சாவுன்னு ஓடி வந்துடுவாங்க." என் முகத்தைப் பார்த்தார். "சரி, அடி. நிறுத்தி நிறுத்தி அடி. சாவுக்கு அப்படித்தான்."

அடித்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பாதி ஷேவிங்கில், கன்னத்தில் நுரையோடு.

"யாரும்மா பூட்டாங்க?"

"எங்க அப்பா. தேவராஜ்."

ஏழு மாதத்துக்கு முன் அப்பாவைத் தூக்கிப்போனவர்கள் அவர்கள்தான். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நுரைக்காரர் செருப்பைக் கழற்றினார். "உக்காருங்கப்பா. தேவராஜுக்கு ஒரு பாட்டு பாடிட்டுப் போலாம்."

அடக்க ஆராதனையில் குடும்பத்தார் உட்காரும் முதல் பெஞ்சில் என்னை உட்காரவைத்துப் பாடினார்கள்.

இன்று இங்கே தோகாவில் வெள்ளிக்கிழமை. பெஞ்சின் ஓரமாக நின்றிருந்தேன். ஆராதனை தொடங்கும்போது என் கை தானாக மேலே போய், இல்லாத கயிற்றைத் தேடியது. இடம் கேட்கிறேன் என்று நினைத்து, ஒரு பிலிப்பினோப் பெண் நகர்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன்.